மாசியோடு பேசி முடித்தது

சசிக்கு,

என் மண்டி மோட்டாரைத் திருடியது மாசி இல்லை, உன் தம்பிதான் என்று நேற்று பஞ்சாயத்தில் சொல்லிவிட்டேன். அதற்காக உன் தம்பி என்னை வீட்டைவிட்டு அடித்து விரட்டியபோது நீ வாசலில்தான் நின்றாய்.

திருடியது யார் என்று தெரிந்தேதான் போலீஸில் மாசிமேல் புகார் கொடுத்தேன். இருளர் ஆள் என்றால் ஊரே நம்பும்.

இப்போது மானாம்பதி ஊர் ஓரம், இருளர்களின் ஜெபக் கொட்டகையில் இருக்கிறேன். ஒரு இடத்தில் உட்கார முடியவில்லை. மாசி மனைவி அம்சா, "எங்க சொம்புல தண்ணி குடிப்பியா மொதலாளி?" என்றாள். குடித்தேன்.

ஜாமீனில் வந்திருக்கும் மாசியிடம் மன்னிப்பு கேட்டேன். கையோடு மண்டியில் வேலை தருவதாகவும் சொன்னேன். "கர்த்தர் சந்நிதியிலயும் பேரம் பேசிக்கினு கீறியே," என்று சிரித்தான்.

முடிவானது இதுதான். திங்களன்று புகார் பொய் என்று ஸ்டேஷனில் என் கையால் எழுதிக் கொடுக்கிறேன். மாசி கூட வருவான். கேஸ் என்மேல் திரும்பினாலும் இந்தக் கொட்டகையில் எனக்குச் சோறும் பாயும் உண்டு என்று சொல்லிவிட்டான்.

உன் வீட்டுக்காரன்