நாற்பத்தொரு வள்ளல்களும் ஒரு பனைமரப் பாலமும்

1970 மே 4, திங்கள்

காலையில் இட்லி ஒன்பது. பத்தாவதுக்கும் வயிற்றில் இடம் இருந்தது. நாட்டின் உணவு நிலைமையை எண்ணி எழுந்துவிட்டேன்.

மில்லுக்குப் போனதும் முதலாளி கூப்பிட்டனுப்பினார். "பஞ்சநதம், கும்பகோணத்துல ஒரு மில்லுக்காரன் தொழிலாளிங்களை வச்சு சமூக சேவை பண்ணி, பேப்பர்ல போட்டோ போட்டுக்கிட்டான். நம்ம மில்லுக்கு என்ன கேடு? வசூல் பண்ணு, சிரமதானம் பண்ணு, என்னமோ பண்ணு. நீதான் பொறுப்பு."

நன்னிலம் வட்டாரத்திலேயே பெரிய அரிசி மில். ஆள் நாற்பத்தொன்று. என் அக்கா மகன் மருதையன் குமாஸ்தாவாகச் சேர்ந்து என்னை மாமா என்று கூப்பிடப்போக, அன்றிலிருந்து எல்லாருக்குமே நான் மாமா. இன்று அந்த நாற்பத்தொரு மருமக்களின் தர்ம சிந்தைக்கும் அதிபதி ஆனேன். வீடு திரும்பும்போது தெருவே அகலம் குறைந்திருந்தது, அல்லது நான் பெருத்திருந்தேன்.

மே 6

எடை மேடைக்குப் பக்கத்தில் தகர உண்டியல் வைத்தாயிற்று. ‘ஈந்து மகிழ்வீர்’ என்று என் கைப்பட எழுதி ஒட்டினேன். நாளை மறுநாள் அதைத் தூக்க மாட்டுவண்டி வேண்டியிருக்கும்.

மே 9, சனி

மாட்டுவண்டி வேண்டியிருக்கவில்லை. உண்டியலில் இருந்தவை: ஒரு சட்டைப் பித்தான், ஒரு கொட்டைப்பாக்கு, திருவாரூர் பஸ் டிக்கெட் ஒன்று. டிக்கெட்டாவது புதிதா என்றால் அதுவும் இல்லை.

நான் அவமானத்தில் தகரத்தோடு தகரமாக உட்கார்ந்திருந்தபோது காத்தாயி வந்தாள். களத்தில் நெல் காயப்போடுகிறவள். வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் அக்கரைத் தெரு.

"ஐயா, இதுல போட எங்கிட்ட ஒண்ணும் இல்லீங்க. கேக்கத்தான் வந்தேன். எங்க வாய்க்கா மேல நடந்து வர்றாப்புல ஏதாச்சும் போட்டுக் குடுங்களேன். மருமவ ராமாயிக்கு ஆனியில நாளு."

காரணம் எனக்குத் தெரியும். போன ஐப்பசியில் அவள் மகளுக்கு வலி எடுத்தபோது வாய்க்கால் கரை தொட்டு ஓடியது. இங்கிருந்து நர்ஸ் போக வழியில்லை. மில்லில் நெல் அவிக்கும் அண்டாவை உருட்டிக்கொண்டு போய், அதில் பெண்ணை உட்காரவைத்து, நாலு பேர் நீந்தி இழுத்து வந்தார்கள். பெண் பிழைத்தாள். பிள்ளை பிழைக்கவில்லை. மறுநாள் அந்த அண்டாவில் நெல் அவித்தோம். நான்தான் கணக்கெழுதினேன்.

மேட்டூர் தண்ணீர் இங்கு வந்து சேர ஒரு மாதம் இருக்கும். இருக்குமா?

மே 12

ராத்திரி வெகுநேரம் தூக்கம் வரவில்லை. வராததால் ஞானம் வந்தது. நம் ஆட்களைப் பணம் கொடு என்றால் பித்தான் போடுவான். பட்டம் கொடுத்தால்? பட்டம் இல்லாத மனிதன் இன்று தமிழ்நாட்டில் உண்டா? மேடை ஏறினவனெல்லாம் சிங்கம், சிகரம், சுடர். என் மருமக்கள் மட்டும் வெறும் ஆட்களாகச் சாவதா!

வாசலில் நெல் வரத்து எழுதும் கரும்பலகையைத் துடைத்தேன். பாய்லர் பார்க்கும் அப்துல் ஹமீது பாய் காத்தாயி கேட்ட பாலத்துக்கு ஒரு சுருள் கயிறு தருவதாகச் சொன்னார். எழுதினேன்: ‘பாலம் இழுத்த பெருவள்ளல் அப்துல் ஹமீது’.

பாய் வந்து படித்தார். வெளியே போனார். திரும்ப வந்து படித்தார். "மாமா, இன்னொரு சுருள் கிடக்கு வீட்டுல" என்றார். அது போதாதென்று, பெருவள்ளல் வீட்டம்மா பார்க்க வேண்டும் என்று சைத்தூன் பீவியைக் குடையோடு அழைத்து வந்து காட்டினார். அந்த அம்மாள் படித்துவிட்டு, "வூட்டுல ஒரு விறகு பொளக்க மாட்டாரு" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

மே 14

பலகையில் இடமில்லை. ஆணி கொண்டுவந்தவன் சோழன் ஆனான். மூங்கில் கொடுத்தவன் மன்னன். கடப்பாரை தந்தவன் காவலன். சாக்குத் தைக்கிற முருகையன் வந்து காதோடு, "மாமா, சிங்கம்னு வர்றாப்புல ஒண்ணு போடுங்க, ரெண்டு நாள் மண்ணு வெட்டுறேன்" என்றான். எலிக்குப் பயந்து சாக்கு மேல் ஏறுகிறவன். போட்டேன். இரண்டு நாள் உழைப்புக்கு எலியே வந்தாலும் சிங்கம் என்பேன்.

மே 16

கொடிச் சண்டை.

சுமைதூக்குவோர் தலைவன் இராஜாங்கம், செங்கொடிக்காரன்: "எங்க கொடி பறக்காம எங்க ஆளு மம்பட்டியத் தொடமாட்டான் மாமா." என் மருமகன் மருதையன், ஆளுங்கட்சிக் கிளைச் செயலாளர்: "ஆட்சியில இருக்கிறது நாங்க. அவங்க கொடி பறக்கிற பாலத்துல நான் கால் வைக்கிறதா?"

மரமே இன்னும் கிடைக்கவில்லை. அதற்குள் கொடி.

மே 18, திங்கள்

மரம் கிடைக்காது. முதலாளி மாட்டேன் என்றுவிட்டார்.

பாலத்தின் இந்தப் பக்கக் கால் அவர் வயல் மூலையில்தான் ஊன்ற வேண்டும். வேறு இடத்தில் வாய்க்கால் அகலம். நில உச்சவரம்புச் சட்டம் வருகிறது என்று ஊரெல்லாம் பேச்சு. முதலாளி தன் நிலத்தை மாமனார், மச்சினர், மச்சினரின் மாமனார் என்று எழுதிவைத்து ஆள் தீர்ந்து, இப்போது கொட்டகையில் கட்டியிருக்கும் மாடுகளைப் பெயர் சொல்லிக் கூப்பிட ஆரம்பித்திருக்கிறார். அந்தப் பயம்.

"இன்னிக்குப் பாலம்பான். நாளைக்குக் கொடி நடுவான். நாளன்னிக்கு வயலு போயிடும். போய்க் கோயில் குளத்துல குப்பை அள்ளு. போட்டோவுக்கு அதுவே நல்லாயிருக்கும்."

காத்தாயியிடம் சொல்லவில்லை. அவள் களத்தில் நெல்லைக் காலால் கிளறிக்கொண்டே என்னைப் பார்த்தாள். சிரித்தேன். என்ன சிரிப்பு அது? எனக்கே பிடிக்கவில்லை.

மே 19

செய்துவிட்டேன். எல்லாரும் வீட்டுக்குப் போன பிறகு பலகையின் உச்சியில், முழ உயரத்துக்கு எழுதினேன்: ‘தன் வயல் தந்து அக்கரைக்கு வழி திறந்த அண்ணல், எங்கள் முதலாளி வாழ்க!’

இருபத்தாறு வருட உத்தியோகம். போனால் போகட்டும். கடலை வறுத்து விற்றாவது கடல் தாண்டி வணிகம் செய்வேன்.

மே 20

உத்தியோகம் போகவில்லை! நடந்ததை அப்படியே எழுதுகிறேன், மிகை ஒரு பொட்டு இல்லை.

எட்டு மணிக்கு என்னை அறைக்குள் நிறுத்தினார். முகம் பாய்லர் போல. "யாரைக் கேட்டுடா எழுதின?" என்று எழுந்தார். அந்த வினாடி வாசலில் கார். வலங்கைமான் சம்பந்தி. பலகையைப் படித்துவிட்டு நேரே உள்ளே வந்து முதலாளியின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். "இந்தக் காலத்துல யாருக்கு வரும் இந்த மனசு! எங்க பக்கம் எல்லாம் வேலி போட்டுக்கிட்டிருக்கான்." பின்னாலேயே பள்ளிக்கூட வாத்தியார்கள். பின்னாலேயே தபால்காரர். கண்ணுக்கெட்டிய மட்டும் வாழ்த்துகிற ஜனம். (சரி, பதினோரு பேர்.)

அவர்கள் போனதும் முதலாளி என் பக்கம் திரும்பினார். "எந்தக் கொடியும் கூடாது."

"கூடாதுங்க."

"தோப்புல ரெண்டு பனை வெட்டிக்க. மூணாவது வெட்டினே, உன்னை வெட்டிப் போட்டு அதுமேல நடக்கச் சொல்லுவேன்."

கொடி கூடாது என்று இராஜாங்கத்திடம் சொன்னேன். "அவங்க கொடியும் கிடையாதுல்ல? அப்ப சரி." மருதையனிடம் சொன்னேன். எழுத்துக் குறையாமல் அதே பதில். இதற்கா நான் நாலு நாள் சாப்பாடு குறைத்தேன்?

மே 24, ஞாயிறு

பாலம் போடக் குறித்த நாள். நாற்பத்தொரு வள்ளல்களில் வந்தவர் ஒரே ஒருவர், ஹமீது பாய். ஊரில் இன்று ஏழு கல்யாணம். மன்னர்களும் சோழர்களும் பந்தியில் இருந்தார்கள். அக்கரைத் தெரு ஆட்கள் முப்பது பேர் கரையில் காத்திருந்தார்கள். ஆனால் பனைமரம் நகர்த்துகிற கப்பியும் சங்கிலியும், அதைக் கையாளத் தெரிந்த சுமைக்காரர்களும் மில்லின் சொத்து.

ராமாயியும் நின்றாள், இடுப்பில் கை ஊன்றி. "இன்னிக்கு இல்லீங்களா ஐயா?" என்றாள்.

"நல்ல நாளா பார்க்கிறோம்மா." வாய் கூசியது.

மே 30, சனி

பேப்பரில் மேட்டூர் திறக்கும் பேச்சு வந்துவிட்டது. நாளையும் முகூர்த்தமாம். நாளையும் பந்தியாம்.

பாயுடன் ஒரு ஆலோசனை செய்தேன். பாய் முதலில் "அல்லாவே" என்றார். அப்புறம் சிரித்தார். மில் சங்குக்கு நீராவி ஏற இரண்டு மணி நேரம் ஆகும் என்றார்.

மே 31, ஞாயிறு

விடியுமுன்னே பாய் உமி அள்ளிப் போட்டார். ஆறரைக்குச் சங்கு ஊதினோம்.

ஐயோ, என்ன சொல்வேன்! இந்த வட்டாரத்துக்கு சூரியன் தப்பினாலும் தப்பும், எங்கள் சங்கு தப்பாது. அது ஊதினால் வேலைநாள். சுற்றி ஐந்து ஊரில் ஞாயிற்றுக்கிழமை என்ற ஒன்று இன்று நடக்கவே இல்லை. தபாலாபீஸைத் திறந்துவிட்டார்கள். பால்காரர் இரண்டாம் தடவை பால் கறக்கப் போய் உதை வாங்கினார். வள்ளல்கள் தூக்குச்சட்டியோடு ஓடி வந்தார்கள். முருகையன் கல்யாண வீட்டுச் சந்தனத்தோடு. மருதையன் ஒரு கன்னம் சவரம் செய்து ஒரு கன்னம் செய்யாமல், "மாமா, இன்னிக்குத் திங்களா?" என்று.

"ஞாயிறுதான்டா. வந்ததுதான் வந்தீங்க, கப்பியைத் தூக்குங்க."

திட்டினார்கள். என் ஏழு தலைமுறையையும் பெயர் சொல்லித் திட்டினார்கள். இராஜாங்கம்தான் முதலில் சங்கிலியைத் தோளில் போட்டான். "திட்டிக்கிட்டே நடங்கடா. வெயில் ஏறுது." மருதையன் விடுவானா? மரத்தின் மறுமுனைக்கு ஓடினான்.

காய்ந்த வாய்க்காலில் எழுபது எண்பது பேர். இரண்டு பனையும் கரைக்குக் கரை ஏறி உட்கார்ந்தபோது போட்ட கூச்சல் தரங்கம்பாடிக் கோட்டையில் எதிரொலித்திருக்கும்.

மத்தியானம் அக்கரைத் தெருவில் கஞ்சி. கத்தரிக்காய் சுட்டுப் பிசைந்தது. காத்தாயி அலுமினியச் சட்டிகளை வரிசையாக வைத்துவிட்டுத் தள்ளிப் போய் நின்றாள். எல்லாரும் சட்டியைப் பார்த்தோம். பாய் உட்கார்ந்தார். இராஜாங்கம் இந்தத் தெருவில் எப்போதும் சாப்பிடுகிறவன், உட்கார்ந்தான். மேடையில் சாதி ஒழிப்புப் பேசும் மருதையன் துண்டை உதறிக்கொண்டே நின்றான், உதறி உதறி. நான் அவனைக் கிண்டல் செய்ய வாயைத் திறந்தேன். அப்போதுதான் உறைத்தது, நானும் நின்றுகொண்டுதான் இருக்கிறேன். ஐம்பத்துமூன்று வயது. வாய்க்கால் தாண்டி இருநூறு அடி. இந்தத் தெருவில் ஒரு வாய் தண்ணீர் நான் குடித்ததில்லை.

உட்கார்ந்தேன். மருதையனும் உட்கார்ந்தான்.

"உப்பு பத்துதுங்களா?" என்றாள் காத்தாயி.

"பத்துது. இன்னும் ஊத்து."

நான்கு சட்டி. இதில் மிகை இல்லை, சாட்சி உண்டு.

ஜூன் 1

முதலாளி: "ஞாயித்துக்கிழமை சங்கு ஊதிச்சே?" நான்: "பாய்லர் சோதனைங்க." முதலாளி: "நான் எண்ணெய் தேய்ச்சுக்கிட்டு இருந்தேன். அப்படியே ஓடியாந்து, பாதி வழியிலதான் ஞாபகம் வந்துச்சு." சிரிப்பை அடக்கியதில் இடுப்பு பிடித்துக்கொண்டது.

ஜூன் 7, ஞாயிறு

சங்கு ஊதவில்லை. முப்பத்தெட்டுப் பேர் வந்தார்கள். மூங்கில் கைப்பிடி கட்டி முடித்தாயிற்று. பேப்பர் போட்டோக்காரர் வரவில்லை. யாரும் கேட்கவும் இல்லை.

ஜூன் 19

தண்ணீர் வந்தது. நுரையும் சருகுமாக. பாலத்துக்கு இரண்டு அடி கீழே ஓடுகிறது. மில்லே வேலையை விட்டுவிட்டு வந்து வேடிக்கை பார்த்தது.

ஜூன் 27, சனி

பத்து மணிக்கு ராமாயிக்கு வலி. காத்தாயி களத்திலிருந்து ஓடினாள், கால் எல்லாம் நெல். மருதையன் சைக்கிளில் பறந்து நர்ஸ் கமருன்னிஸாவை ஏற்றி வந்தான். அந்த அம்மாள் பையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு, கீழே ஓடுகிற தண்ணீரைப் பார்த்து ஒரு நொடி நின்று, "பிடிச்சுக்க ஏதாவது இருக்கா?" என்றாள். மூங்கிலைக் காட்டினோம். போய்விட்டாள். பதினைந்து அடி. எண்ணி முடிக்கக்கூட நேரமில்லை.

இந்தக் கரையில் மில் ஆட்கள் அத்தனை பேரும். இராஜாங்கம் மருதையனிடம் பீடி கேட்டான். அவன் கொடுத்தான்.

ஒன்றே காலுக்கு அக்கரையிலிருந்து குலவைச் சத்தம்.

பெண். இருவரும் நலம்.

எழுத வேறொன்றும் இல்லை. கண்ணில் உமி விழுந்துவிட்டது.

ஜூலை 19, ஞாயிறு

பூசணி விதை வாங்க அக்கரைத் தெரு போனேன். பாலத்தின் நடுவில் இருக்கும்போது எதிரே ராமாயி, தோளில் பிள்ளை. ஆஸ்பத்திரிக்கு எடை பார்க்கப் போகிறாளாம். அந்த மரத்தில் ஒருவர்தான் நடக்க முடியும்.

என்னைப் பார்த்ததும் அவள் பின்னால் கால் வைக்க ஆரம்பித்தாள். பழக்கம்.

"நில்லும்மா. நீ வா."

நான் பின்பக்கமாகவே நடந்தேன். குடையைக் கக்கத்தில் இடுக்கி, மூங்கிலைத் தடவித் தடவி. கீழே தண்ணீர் வேகமாகத்தான் ஓடியது. கரை ஏறி ஒதுங்கி நின்றேன். கடந்து போகும்போது பிள்ளை என்னைப் பார்த்துக் கொட்டாவி விட்டது.