பதினேழாம் நம்பர் சீட்டு

செவ்வாய், இரவு.

உலக மக்களுக்கு ஓர் அறிவிப்பு: பிரிக்பீல்ட்ஸ் கண் கிளினிக்கில் மூன்று மணி நேரக் காத்திருப்பைப் பத்தே நிமிடமாகக் குறைத்த கண்கண்ட மேதை நான்தான்.

பக்கத்து நாற்காலியில் மேரு என்ற ஊரிலிருந்து வந்த லோரி ஓட்டுநர். கண்ணில் மருந்து விட்டிருந்ததால் அவருக்கு எழுத்து தெரியவில்லை. சீட்டை நீட்டி, "என்ன நம்பர்னு சொல்லு லா, தம்பி" என்றார்.

பதினேழு. அதை நான் வைத்துக்கொண்டு, என் சீட்டை அவர் கையில் திணித்து, "நாப்பத்தொன்னு, அங்கிள்" என்றேன்.

"அவ்ளோ பின்னாலயா? இன்னைக்கு டாக்டர் லெட்டர் இல்லேன்னா பாஸ் நாளைக்கு லோரி தரமாட்டாரு."

பதினேழைக் கூப்பிட்டார்கள். நான் போனேன். திரும்பி வந்தபோது நர்ஸ், "டாக்டருக்கு ஆபரேஷன் இருக்கு. முப்பதுக்கு மேல எல்லாரும் நாளைக்கு வாங்க" என்றார்.

அங்கிள் எழுந்தார். "நீயாவது பார்த்துட்டியா? நல்லது, தம்பி."



என் கண்ணில் ஒரு கோளாறும் இல்லை. கணக்குப் பரீட்சைக்கு மட்டம் போட எம்சி, அதாவது மருத்துவ விடுப்புச் சான்று, வாங்கத்தான் போனேன்.