வளையத்தில் வைத்த பொட்டு

இராஜபாளையம்,
கார்த்திகை, வெள்ளிக்கிழமை.

அன்புத் தம்பி பிரேம்குமாருக்கு,

அக்கா ஜெயசித்ரா எழுதுவது. இங்கே நாங்கள் எல்லோரும் நலம். லடாக் குளிரில் நீயும் நலமாக இருக்க வேண்டும். உன் மனைவி மாரிச்செல்வியும் மகளும் சுகம். பிள்ளைக்குச் சளி பிடித்திருந்தது, இப்போது தேவலை. அப்பா எப்போது வருவார் என்று கேட்டுக்கொண்டே இருக்கிறாள்.

போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று கேட்பாய். போனில் நான் ஒரு பேச்சை முடிப்பதற்குள் நீ மூன்று பேச்சுப் பேசிவிடுவாய். காகிதத்தில் உன்னால் குறுக்கே விழ முடியாது. அதனால்தான் வளையம் வரும் பெட்டியிலேயே இதையும் வைக்கிறேன். இதைப் படித்து முடித்த பிறகு வளையத்தைக் கையில் எடு.

ஊரில் நல்ல மழை. செண்பகத்தோப்பு ஓடைகளில் தண்ணீர் போகிறதாம். பட்டறையில்தான் வறட்சி. மில்லில் இருந்து வரும் வேலைகளில் பாதியைத் திருப்பி அனுப்புகிறேன். நம் ஃபிட்டர் ஜெபின் செய்கிற வேலையைச் செய்ய ஆள் இல்லை.

டெலஸ்கோப்பைத் தாங்கித் திருப்ப நாம் செய்து அனுப்பிய மவுண்டில் இருந்து நீ பல்சக்கரத்தையும் அளவு வளையத்தையும் கழற்றி அனுப்பினாய் அல்லவா, முதலில் அதைச் சொல்கிறேன். அங்கே டெலஸ்கோப் வானத்தைத் துண்டு துண்டாகப் படம் பிடிக்க வேண்டும், திரும்பத் திரும்ப அதே இடத்துக்கு வந்து நிற்க வேண்டும், அப்போதுதான் புதிதாக ஏதாவது வந்திருந்தால் தெரியும் என்று நீதான் எனக்கு விளக்கினாய். ஒரு குறிப்பிட்ட திசைக்குத் திரும்பும்போதெல்லாம் மவுண்ட் ஒரு வெட்டு வெட்டுகிறது, நட்சத்திரங்கள் புள்ளியாக விழாமல் கோடாக இழுபடுகின்றன என்றாய். சக்கரத்தில் அந்த இடத்துப் பல் சரியில்லை என்று நீயே முடிவுகட்டினாய். பல் வெட்டியவன் ஜெபின். போனை ஸ்பீக்கரில் போடச் சொன்னாய். நானும் போட்டேன்.

"கண்ண எங்கலே வச்சுப் பல்லு வெட்டுன? இனிமே என் மவுண்ட்ல நீ கை வைக்காத" என்று நீ கத்தியதைப் பட்டறை முழுக்கக் கேட்டது. அவன் கழிவுப் பஞ்சில் கையைத் துடைத்துவிட்டு வெளியே போனான். மறுநாள் வரவில்லை.

சக்கரம் வந்ததும், நம் பட்டறையில் அளவு பார்க்கும் பெண் இந்து ஒவ்வொரு பல்லாக அளந்து பார்த்தாள். ஒன்றிலும் குறை இல்லை. பிறகு வளையத்தைப் பூதக்கண்ணாடிக் கேமராவுக்கு அடியில் வைத்தாள். அதில் இருப்பது முடியை விட மெல்லிய கோடுகளாம், அந்தக் கோடுகளை எண்ணித்தான் மவுண்ட் தான் எங்கே நிற்கிறது என்று தெரிந்துகொள்ளுமாம். ஒரே ஓர் இடத்தில் கோடுகளுக்கு நடுவே சிவப்பாக ஏதோ அடைத்திருந்தது. அந்தப் பிள்ளை துரு என்று நினைத்தாள். எனக்குப் பார்த்தவுடன் தெரிந்துவிட்டது. குங்குமம், தம்பி. சந்தனத்தோடு சேர்ந்து காய்ந்து இறுகிப்போன குங்குமம். அந்த இடம் வரும்போது கோட்டு எண்ணிக்கை தவறித்தான் மவுண்ட் வெட்டியிருக்கிறது.

ஆயுத பூஜையை நினைத்துப் பார். சாமி கண்ணில் படட்டும் என்று மூடியைத் திறக்கச் சொன்னவன் நீ. லேத்துக்கும் டிரில்லிங் மிஷினுக்கும் உன் பைக்குக்கும் வைத்ததை விடப் பெரிய பொட்டாக, பள்ளிக்கூடத்துக்கு அனுப்பும் பிள்ளைக்கு வைப்பது போல வளையத்தில் வைத்தாய். தட்டை நீட்டியவள் நான். மவுண்டை இன்னும் ஒரு நாள் ஓட்டிப் பார்த்து அனுப்பலாம் என்று ஜெபின் கேட்டதற்கு, விஜயதசமி அன்றே லாரி கிளம்ப வேண்டும் என்று சொன்னவனும் நீதான். பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்பார்கள். நம் வீட்டிலேயே நடந்துவிட்டது.

நேற்று முன்தினம் ஸ்ரீவில்லிபுத்தூரில் அவன் வீட்டுக்குப் போனேன். அவன் மனைவி காபி கொடுத்தாள், முகம் கொடுக்கவில்லை. பொட்டு வைத்ததை நீ பார்த்தாயா என்று கேட்டேன். பார்த்தானாம். அன்று சாயங்காலமே ஸ்பிரிட் தொட்டுத் துடைத்தானாம். மேலே தெரிந்தது போய்விட்டது, உள்ளே இறங்கியது தெரியவில்லை. வைக்கும்போதே ஏன் தடுக்கவில்லை என்று கேட்டேன். அவன் என் கையில் இருந்த டம்ளரை வாங்கிக் கீழே வைத்தான். பிறகு சொன்னான்:

"நான் சொன்னா அது வேற மாதிரி கேக்கும்க்கா. நீங்க பொட்டு வைக்கைல நான் வேண்டாம்னா, மிசினுக்காகச் சொல்லுதேன்னு யாரு நினைப்பா?"

பிரேம், என்னால் அங்கே உட்கார முடியவில்லை. இத்தனை வருஷமாக நம் பூஜையில் நின்றிருக்கிறான். பழத்தட்டை எடுத்து வைத்திருக்கிறான். பொரியும் கடலையும் வாங்கிப் பிள்ளைகளுக்குக் கொண்டு போயிருக்கிறான். கிறிஸ்துமஸுக்கு அவன் வீட்டுக் கேக்கை நாம்தான் முதலில் சாப்பிடுவோம். அவனும் நம் ஆள்தான் என்று பெருமையாகச் சொல்லிக்கொண்டோம். ஆனால் நம் பட்டறையில் நின்று, வேண்டாம் என்ற ஒரு சொல்லைச் சொல்ல அவனுக்குத் தைரியம் வரவில்லை. அந்தத் தைரியத்தை நாம் கொடுத்திருக்கவில்லை. நீ கத்தியதை விட இதுதான் என்னை உறுத்துகிறது. நீ கத்தியபோதாவது சொல்லியிருக்கலாமே என்றேன். அப்போது சொன்னால் தன் தப்பைச் சாமி மேல் போடுகிறான் என்று ஆகிவிடும் என்றான்.

திரும்பி வா என்று கேட்டேன். கோயம்புத்தூரில் ஒரு வேலைக்கு வருவதாகச் சொல்லிவிட்டானாம். வருகிற ஞாயிறு, சர்ச்சில் ஆராதனை முடிந்ததும் குடும்பத்தோடு கிளம்புகிறான். நீ இதைப் படிக்கும்போது அவன் போயிருப்பான்.

ஆனால் நேற்று மத்தியானம் தானாக வந்தான். வளையம் என்ன பாவம் செய்தது என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தான். இந்துவைக் கேமராவில் பார்த்துச் சொல்லச் சொல்லிக் கோடு கோடாகச் சுத்தம் செய்தான். பெட்டியில் உனக்குப் பால்கோவா வைக்கப் போனேன், நெய்ப்பிசுக்கு ஆகாது என்று எடுத்து வெளியே வைத்துவிட்டான். கூலி என்று எதையும் தொடவில்லை. வாசலில் நின்று பட்டறையை ஒரு தடவை பார்த்துவிட்டுப் போனான்.

அவன் போன பிறகுதான் வளையத்தின் மூடியைக் கவனித்தேன். வெளிப்பக்கம் ஒரு ரூபாய்க் காசு அகலத்துக்குப் பித்தளைத் தகடு ஒன்றைத் திருகி வைத்திருக்கிறான். எதற்கு என்று எனக்கு முதலில் விளங்கவில்லை. அவன் இந்துவிடம் சொல்லியிருக்கிறான், அடுத்த பூஜைக்குப் பொட்டு வைக்க இடம் வேண்டுமே என்று.

ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்று அப்பா உன்னைப் பார்த்துத்தான் சொல்வார். இனி உன்னைத் திட்டிப் பயன் இல்லை. அங்கே உள்ளவர்களிடம் நம் ஃபிட்டர் பல்லைக் கெடுத்துவிட்டான் என்று சொல்லியிருப்பாய். யார் யாரிடம் சொன்னாயோ அவர்களிடமெல்லாம் நடந்ததைச் சொல். ஜெபினுக்குப் போன் பண்ணு. வேலைக்கு வா என்று ஆரம்பிக்காதே. தப்பு என்னுடையது என்று மட்டும் சொல்லிவிட்டு, அவன் பேசுவதைக் கேள். அவன் எவ்வளவு நேரம் பேசாமல் இருந்தாலும் காத்திரு.

அந்தத் தகட்டில் நான் பொட்டு வைக்கப் போனேன். கை வரவில்லை. அவனிடம் பேசிவிட்டு நீ வை.

நல்லபடியாக வேலையை முடித்து, உடம்பைப் பார்த்துக்கொண்டு, மனசில் பாரம் இல்லாமல் வீடு வந்து சேர். ஆண்டாள் துணை இருப்பாள்.

உன் அக்கா,
ஜெயசித்ரா