பேபி வண்டியின் சிவப்புக் கபாப்

அன்பும் வம்பும் மாறாத மாப்ள ஏழுமலைக்கு,

நீ போய் நேற்றோடு ஒரு வருஷம். அங்கே போன பிறகாவது கோபம் தணிந்ததா, இல்லை இன்னும் முகத்தைத் திருப்பிக்கொண்டுதான் உட்கார்ந்திருக்கிறாயா? என் தங்கச்சி கலாவைக் கட்டிக்கொள்வதற்கு முன்பிருந்தே நீ எனக்குக் கூட்டாளி. அப்படிப்பட்டவன் என்னோடு பேசாமலே செத்துப் போகலாமா?

இங்கே எல்லாரும் சௌக்கியம். உத்திரமேரூர் பஸ் ஸ்டாண்டில் நம் கபாப் தள்ளுவண்டி அதே இடத்தில்தான் நிற்கிறது. பக்கத்தில் புதிதாக ஒரு மோமோ வண்டி வந்திருக்கிறது. கொழுக்கட்டைக்குள் கோழியை வைத்து விற்கிறான், கூட்டம் அள்ளுகிறது. நீ இருந்திருந்தால் அவனுக்கும் குவைத் கதை சொல்லி வியாபாரத்தைக் கெடுத்திருப்பாய்.

நம் வண்டியில் என்றைக்கு வியாபாரம் நடந்தது, சண்டைதானே நடந்தது? நீ குவைத்தில் ஈரான்காரர் கடையில் பதினோரு வருஷம். நான் மஸ்கட்டில் துருக்கிக்காரர் கடையில் ஒன்பது வருஷம். உனக்குக் கபாப் என்றால் கொத்துக்கறியைப் பிசைந்து பட்டைக் கம்பியில் அப்பிச் சுட வேண்டும். எனக்கோ துண்டுக்கறியைத் தக்காளி, குடமிளகாயோடு கோத்துச் சுட வேண்டும். உன் ரூமில் இருந்த பெஷாவர்க்காரர் கொத்துக்கறியையே வடை மாதிரி தட்டி எண்ணெயில் போடுவார் என்பாய். "ஊருக்கு ஒரு கபாப் கீது மச்சான். ஆனா ஈரான்காரன் சுடறதுதான் கபாப்" என்று முடிப்பாய். அங்கேதான் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

மானாம்பதி பஸ்ஸிலிருந்து இறங்கி வருகிற ஜனமோ நம் இரண்டு பேரிடமும் ஒன்றைத்தான் கேட்டது. "இன்னாண்ணா, செவப்பா இருக்குமே, அந்தக் கபாப் இல்லியா?" எதிர் வண்டி பேபி கோழியை மிளகாய்த்தூள், சோளமாவு, முட்டை போட்டு ஊறவைத்து எண்ணெயில் பொரித்துத் தருவாள். இந்த ஊருக்கு அதுதான் கபாப். அதைத் திட்டுவதில் மட்டும் நாம் இருவரும் ஒற்றுமை. அதைத் தொட்டால் நம் பாஸ்போர்ட்டுக்கே அவமானம் என்று பெருமாள் கோயில் பக்கம் கையைக் காட்டிச் சத்தியம் செய்தோமே, ஞாபகம் இருக்கிறதா?

அப்புறம் வந்தது அந்தப் பாழாய்ப்போன சனிக்கிழமை. நல்ல கூட்டம். உன் கம்பியிலிருந்து கறி மொத்தமும் நழுவி நெருப்பில் விழுந்தது. நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். "மாப்ள, உன் கபாப் குவைத்துக்கே திரும்பி ஓடுது பாரு" என்றேன். பஸ் ஸ்டாண்டே சிரித்தது. நீ சிரிக்கவில்லை.

அதோடு பேச்சு நின்றது. ஒரே வண்டி, ஒரே அடுப்பு, பதினெட்டு நாள். உப்பு வேண்டுமென்றால் கபாப் வாங்க வந்தவரைப் பார்த்து, "சார், பக்கத்துல கீறவருகிட்ட அந்த உப்பக் குடுக்கச் சொல்லுங்க" என்பாய். நான் சளைத்தவனா? "இல்லன்னு சொல்லுங்க சார்" என்பேன். அந்த மனுஷர் கபாப் வாங்காமலே போய்விடுவார். பத்தொன்பதாம் நாள் காலையில் உனக்கு நெஞ்சுவலி என்று போன் வந்தது. நான் ஓடி வந்து சேர்வதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

ஒரு வருஷமாக என்னை அரித்தது அதுதான். உன் ஈரான் கபாபை என் கையால் சுட்டு, வருஷப் படையலில் வைத்து மன்னிப்புக் கேட்டுவிடலாம் என்று இருந்தேன். உன் பட்டைக் கம்பியைத் தேடி எடுத்துத் துடைத்தேன். மூன்று நாள் பிசைந்தேன். மூன்று நாளும் கறி நெருப்பில்தான் விழுந்தது. அட, இவ்வளவு கஷ்டமான வேலையா மாப்ளே அது? அதைப் பார்த்தா நான் சிரித்தேன்?

நாலாம் நாள், முகமெல்லாம் கரியாக நான் நிற்கும்போது கலா வந்தாள்.

"அண்ணா, உன்ன யாரு இத்த செய்யச் சொன்னது? அவருக்கு உசுரே பேபி வண்டி செவப்புக் கபாப்தான். வாராவாரம் வாங்கியாந்து வூட்டுக்குப் பின்னாடி குந்திக்கினு தின்னுவாரு. உன்கிட்ட சொல்லக் கூடாதுன்னு என் தலைல அடிச்சி சத்தியம் வாங்கிக்கினாரு."

அடப்பாவி!

பேபியிடம் போனேன். உனக்குப் படையல் என்றதும் அவளுக்குக் கண் கலங்கியது. உடனே சிரிப்பும் வந்துவிட்டது.

"அவரு திங்கக்கெயம, நீங்க வியாயக்கெயம. ரெண்டு பேருமே, அவன்கிட்ட மட்டும் சொல்லிடாத பேபின்னுதான் வாங்கிக்கினு போவீங்க. நான் சொல்லவே இல்லண்ணா."

ஆமாம், நானும்தான். திட்டாதே. எத்தனை வருஷம் அதைத் திருட்டுத்தனமாகத் தின்றோம்! ஒருநாள் சேர்ந்து உட்கார்ந்து தின்றிருக்கக் கூடாதா?

பொட்டலம் கட்டிக்கொண்டே அவள் இன்னொன்றும் சொன்னாள். "கடைசியா வந்தப்ப, அடுத்த திங்கக்கெயம ரெண்டு பிளேட்டா போடு பேபி, மச்சான இட்டாறேன்னாரு. அவனா பேசமாட்டான், வாயில கபாப வெச்சா தானா பேசிடுவான்னாரு."

நடு பஸ் ஸ்டாண்டில் நின்று அழுதுவிட்டேன் மாப்ளே. மோமோக்காரன் ஓடி வந்து தண்ணீர் கொடுத்தான். நல்ல மனுஷன்தான், பாவம்.

நேற்று உன் படத்துக்கு முன்னால் இரண்டு பிளேட் வைத்தேன். கும்பிட்டு முடித்து என் பிளேட்டிலிருந்து ஒரு துண்டை வாயில் போட்டேன். மெல்லும்போதே "மாப்ளே" என்று கூப்பிட்டுவிட்டேன். நீ சொன்னது சரியாகப் போயிற்று.

இனித் திங்கட்கிழமை தோறும் பேபி வண்டிக்கு முன்னாலேயே, ஊர் பார்க்க நின்று தின்பேன். இரண்டு பிளேட். இது உன்மேல் சத்தியம். உன் பட்டைக் கம்பியையும் விடமாட்டேன், கறி அதில் நிற்கும்வரை பிசைவேன். நின்றாலும் துருக்கிக் கபாப்தான் உசத்தி, அதில் மாற்றமில்லை. அதற்குக் கோபம் வந்தால் கனவிலாவது வந்து சண்டை போடு.

இப்படிக்கு,
முதலில் பேசிவிட்ட உன் மச்சான்,
தேவராஜ்