ஒன்பதாம் மாடியை விட்டு இரண்டாம் மாடியை வாங்கிய கதை

பிஷ்கெக்
மார்ச் 11

அன்பு மகள் பெர்மெத்துக்கு அம்மா எழுதுவது. இங்கே அப்பாவுக்கு முட்டிவலி பழையபடி, எனக்கு வாய் பழையபடி, மற்றபடி இருவரும் சுகம். அன்சானில் நீயும் வேளைக்குச் சாப்பிட்டு, இருமல் சளி இல்லாமல் இருக்கிறாய் என்றால் எங்களுக்கு அதுவே போதும். வீடு வாங்கியாயிற்று, வாடகைக்கு ஆளும் வந்தாயிற்று என்று போனில் சொல்லிவிட்டேன், எப்படி வாங்கினோம் என்பதைச் சொல்லவில்லை. போனில் சொன்னால் பின்னாலிருந்து உன் அப்பா ஒவ்வொரு வரியையும் திருத்துவார். அதனால்தான் உன் சிநேகிதி கொரியாவுக்குக் கிளம்புகிறாள் என்றதும் காய்ந்த தயிர் உருண்டையோடு இதையும் அவள் பையில் வைத்துவிட்டேன், அவருக்குக் காட்டவில்லை.

நீ மூன்று வருஷம் அந்தத் தொழிற்சாலையில் நின்றுகொண்டே சேர்த்த இருபது லட்சம் சோம் வந்த மறுநாளே அப்பா ரினாத் என்ற வீட்டுத் தரகனைப் பிடித்துவிட்டார். பையன் நல்ல பேச்சுக்காரன், வாசனைத் திரவியம் வேறு. நகரத்தின் தெற்கே புதுக் கட்டடம், ஒன்பதாம் மாடி, ஓர் அறை வீடு. சமையலறை ஜன்னலைத் திறந்தால் மலை முழுக்கத் தெரிகிறது. இருபத்தெட்டு வருஷம் டிராலிபஸ் ஓட்டியவருக்கு முன்னால் போகிற வண்டியின் பின்புறத்தைத் தவிர வேறு என்ன தெரிந்திருக்கும், ஜன்னலருகே போய் நின்றவர் நகரவே இல்லை. விலை நாற்பத்தாறு லட்சம், மீதி இருபத்தாறு லட்சத்துக்கு வங்கிக் கடன், மாதத் தவணை முப்பத்தெட்டாயிரம், வாடகைக்கு விட்டால் நாற்பத்தைந்தாயிரம் வரும் என்று ரினாத் விரலை மடக்கி மடக்கிச் சொன்னான். வருஷம் பன்னிரண்டு மாசமும் ஆள் இருப்பாங்களாப்பா என்று கேட்டேன். "அக்கா, இந்த வீட்டுக்கு வரிசை கட்டி நிப்பாங்க, நீங்க டோக்கன் குடுக்கவேண்டியிருக்கும்" என்றான். வங்கியிலோ, என் பள்ளிச் சமையல் சம்பளமும் அப்பாவின் ஓய்வூதியமும் உன் சம்பளச் சீட்டும் சேர்ந்தாலும் அவ்வளவு பெரிய கடனுக்குப் போதாது, நாங்கள் குடியிருக்கும் வீட்டையும் அடமானம் வைக்க வேண்டும் என்றார்கள். அப்பா சரி என்று தலையாட்டிவிட்டார். வியாழக்கிழமை கையெழுத்து. நான் வீட்டுக்கு வந்து அவருடைய அடையாள அட்டையை மாவுப் பானைக்குள் போட்டு மூடினேன். சிரிக்காதே, வேறு வழி தெரியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை சந்தைக்குப் போகிறேன் என்று சொல்லிவிட்டு அந்தக் கட்டடத்துக்கே போனேன். லிஃப்ட் ஓடவில்லை. வாடகைக்கு வீடு தேடுகிறவள் மாதிரி நாலு கதவைத் தட்டினேன். எட்டாம் மாடியில் கைக்குழந்தையோடு ஒரு பெண், அதே அளவு வீடு, வாடகை எவ்வளவு என்று கேட்டால் முப்பத்திரண்டாயிரம் என்கிறாள். "அதுவே ஜாஸ்திக்கா, குளிர்காலத்துல கரண்ட் பில்லு தனியாக் கொல்லுது. லிஃப்ட் ஓடற நாள நான் காலண்டர்ல வட்டம் போட்டு வெச்சிருக்கேன், வந்து பாருங்க" என்று உள்ளே கூட்டிப்போய்க் காட்டவும் செய்தாள். அந்த மாதத்தில் ஆறு வட்டம்தான் இருந்தது. அதே தளத்தில் இரண்டு வீடு ஆளில்லாமல் பூட்டிக் கிடந்தது, வரிசையும் இல்லை, டோக்கனும் இல்லை. திரும்பி வரும்போது பஸ்ஸிலேயே கணக்குப் போட்டேன். வருஷத்தில் ஒரு மாதம் காலி என்று வைத்துப் பதினொரு மாத வாடகை மூன்று லட்சத்து ஐம்பத்திரண்டாயிரம், தவணையோ நாலு லட்சத்து ஐம்பத்தாறாயிரம், வரி, பழுது எல்லாம் ஒரு நாற்பதாயிரம். ஆக மாதம் பன்னிரண்டாயிரம் நம் கையைவிட்டுப் போகும், ஏதாவது ஒரு மாதம் கொடுக்க முடியாவிட்டால் குடியிருக்கும் வீடும் போகும். அப்பாவிடம் சொன்னால் உனக்கு எதிலும் நம்பிக்கை கிடையாது என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். இரண்டு நாள் பேசவில்லை, தேநீர்க் கோப்பையை மட்டும் நீட்டுவார். மூன்றாம் நாள், வாங்க ஒரு தடவை லிஃப்ட் இல்லாமல் ஏறிப் பார்க்கலாம், ஏறிவிட்டால் நானே அட்டையை எடுத்துத் தருகிறேன் என்று கூட்டிப்போனேன். ஆறாம் மாடியில் படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டார். மூச்சு வாங்கி முடித்து, "உல்ஜான், மலைய கீழேருந்தே பாத்துக்கலாம்" என்றார். அன்றைக்கு எனக்கு வந்த சிரிப்பில் அந்த இரண்டு நாள் கோபமும் ஓடிவிட்டது.

அப்புறம் நாங்களே அலைந்தோம். ஆஸ்பத்திரிக்குப் பின்னால் பழைய ஐந்து மாடிக் கட்டடத்தில் இரண்டாம் மாடி, ஓர் அறை, பார்வைக்கு அழகு என்று ஒன்றுமில்லை, ஜன்னலைத் திறந்தால் எதிர்வீட்டுக் கம்பளிதான் தொங்குகிறது. ஆனால் ஜனவரிக் குளிரில் போய் அறையைச் சூடாக்கும் ரேடியேட்டரைத் தொட்டேன், கை சுட்டது. விற்றவள் ஒரு மருந்துக்கடைக்காரி, ஓஷ் நகரத்துக்குப் போகிற அவசரம், முப்பத்து நாலு லட்சம் கேட்டாள். குளியலறைச் சுவரின் ஈரத்தைக் காட்டி ஒரு லட்சம் குறைத்தேன். கடன் பதின்மூன்று லட்சம், தவணை பத்தொன்பதாயிரம், நீ அனுப்பிய அதிகாரப் பத்திரத்தை வைத்து வீட்டை உன் பெயரிலேயே பதிந்தோம். அடமானம் அந்த வீடு மட்டும்தான், நம் வீட்டை யாரும் தொடவில்லை. வாங்கியதும் எல்லாம் தேனாக ஓடியது என்று நினைக்காதே. ஐந்து வாரம் ஆளே வரவில்லை, இரண்டாம் வாரம் குழாய் வேறு உடைந்து கீழ்வீட்டுக்காரர் கத்தினார். பெண் நின்று சம்பாதித்ததை நான் தண்ணீரில் விட்டேனோ என்று அழுதேன்கூட. அப்பாதான், அவரே, ஈரச் சுவரைச் சுரண்டிப் பூசினார், குழாய் மாற்றினார், முட்டிவலியோடு. மூன்று தவணைப் பணத்தை முன்கூட்டியே தனியாக எடுத்து வைத்திருந்ததால் வங்கிக்குப் பயப்படவில்லை. போன வாரம் நரினிலிருந்து வந்த இரண்டு நர்ஸ் பெண்கள் குடிவந்துவிட்டார்கள், வாடகை இருபத்தாறாயிரம், ஆஸ்பத்திரிக்கு நடந்தே போகிறார்கள். வருஷ முடிவில் எல்லாம் போக இருபத்தெட்டாயிரம் மிஞ்சும் என்று தெரிகிறது. பெரிய பணமில்லை, ஆனால் நாம் கை கொடுக்காமலே தானாக நிற்கிற வீடு.

அந்த மிச்சத்தைத் தொடாதே, அடுத்த குழாய்க்கு இருக்கட்டும். கூட வேலை செய்கிறவர்களிடம் வீடு வாங்கியதைச் சொல்லி, அவர்கள் உன்னிடம் கடன் கேட்க வழி பண்ணாதே. முட்டையைத் தவிர்க்காதே, கையுறை போடாமல் அந்த இயந்திரத்தின் பக்கம் போகாதே. கடவுள் உன் கைக்கும் கண்ணுக்கும் குறை வராமல் காக்கட்டும், உன் நாட்கள் வெளிச்சமாகட்டும். ஒன்று மட்டும் உடனே பதில் போடு. நேற்று அந்தப் பெண்களில் மூத்தவள் என்னிடம் வந்து, "வீட்டுக்காரம்மா, கட்டிலுக்கு மேல அம்மா போட்டோ மாட்டணும், ஒரே ஒரு ஆணி அடிச்சுக்கலாமா?" என்று கேட்டாள். உன் விடுதியில் ஒரு படம் மாட்டக்கூட விடவில்லை என்று போன வருஷம் நீ சொன்னது நினைவுக்கு வந்து எனக்குச் சுருக்கென்றது, வாய்வரை சரி என்று வந்துவிட்டது. ஆனால் சொல்லவில்லை. நான் வீட்டுக்காரி இல்லம்மா, எம் பொண்ணுதான், கேட்டுச் சொல்றேன் என்று அனுப்பிவிட்டேன். அடிக்கலாமா கூடாதா, நீ சொல்.

உன் பதிலுக்குக் காத்திருக்கும்
அம்மா உல்ஜான்