கோயில் மாட்டுக்கு அடைத்த வாசல்

ஒத்தப்புளிப்பட்டி,
உசிலம்பட்டி ரோடு,
மதுரை ஜில்லா.
16.6.1982

அன்புள்ள மச்சான் அவர்களுக்கு,

ஜெயக்கொடி வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. இங்கே நானும் செவலைப் பசுவும் அதன் கன்றும் சுகம். அங்கே பட்டாளத்தில் நீங்களும் உங்கள் கோவேறு கழுதைகளும் சுகமாக இருக்க முத்தாலம்மன் துணை இருப்பாள். அவள் இன்னும் என் பக்கம்தான் இருக்கிறாள் என்று நம்புகிறேன். ஊர்தான் இல்லை.

உங்கள் கடிதம் வந்தது. வழக்கம்போல உங்கள் அண்ணன் பெயருக்குத்தான் வந்தது. அவர் அதை எடுத்துக்கொண்டு நம் வாசலுக்கு வெளியே வந்து நின்று, தெருவுக்கே கேட்கிற மாதிரி வாசித்தார். "ஊர் சொன்னபடி ஜெயக்கொடியைக் கோயில் மாட்டின் காலில் விழுந்து, தப்புத் தேங்காய் உடைக்கச் சொல்லுங்கள். ஒரு பொம்பளையின் பிடிவாதத்துக்காக ஊரைப் பகைக்க முடியாது" என்று நீங்கள் எழுதியிருந்ததை மட்டும் இரண்டாம் தரமும் வாசித்தார். எதிர்வீட்டார் கைவேலையைப் போட்டுவிட்டுக் கேட்டார்கள். என் பதிலை முதலிலேயே எழுதிவிடுகிறேன், நீங்கள் தாளைத் திருப்பித் தேட வேண்டாம். நான் விழ மாட்டேன். ஏன் என்பதை எழுதுகிறேன். முழுக்க வாசித்துவிட்டு அப்புறம் கோபப்படுங்கள்.

உங்கள் அண்ணன் எழுதாமல் விட்டதிலிருந்து ஆரம்பிக்கிறேன். வைகாசி பிறந்ததுமே கோயில் மாட்டுக்குச் சரியில்லை. ஊருணியில் தண்ணீர் எடுக்கப் போனபோது நான்தான் முதலில் பார்த்தேன். தண்ணீரில் மூக்கை வைத்துக்கொண்டு குடிக்காமல் நின்றது. வாயிலிருந்து எச்சில் கயிறு கயிறாகத் தொங்கியது. நாக்கைச் சப்புக்கொட்டிக்கொண்டு, பின்னங்காலைத் தூக்கித் தூக்கி உதறியது. குனிந்து பார்த்தேன், குளம்பு பிளவில் புண். திருப்பரங்குன்றத்தில் என் பிறந்த வீட்டுத் தொழுவத்தை ஒரே மாதத்தில் காலி செய்த நோய் அது. கோமாரி. எத்தனை வருஷம் போனாலும் எனக்கு அது மறக்குமா?

கோயில் காரியத்தை முன்னின்று நடத்துகிறவர் என்று அன்றைக்கே உங்கள் அண்ணனிடம் போய்ச் சொன்னேன். மாட்டைக் கட்டிப் போடுங்கள், அது ஊரெல்லாம் தொட்டித் தண்ணீரில் வாய் வைக்கிறது என்றேன். அவர் சிரித்தார். "கோயில் மாட்டுக்குக் கோமாரியா? ஆத்தா அதுமேல எறங்கியிருக்கா, அதான் நுரை தள்ளுது. நீ உன் சோலியப் பாரு" என்றார். என் சோலியைத்தான் பார்த்தேன். பஸ் ஏறிப் போய் மாட்டாஸ்பத்திரி டாக்டரைக் கூட்டி வந்தேன்.

அவர் நல்ல மனுஷன். வெயிலில் நின்று பார்த்துவிட்டு, கோமாரிதான் என்று பெரியவர்கள் முன்னால் வைத்தே சொன்னார். இந்த மாட்டைத் தனியாகக் கட்டுங்கள், நோய் காணாத வீட்டு மாடுகளுக்கு ஊசி போடுகிறேன், ஊசி பிடிக்கக் கொஞ்ச நாள் ஆகும், அதுவரை ஒன்றோடொன்று சேர விடாதீர்கள் என்று கெஞ்சாத குறையாகச் சொன்னார். திருவிழாவுக்குக் காப்புக் கட்டியாயிற்று, இனி ஊருக்குள் ரத்தம் சிந்தக் கூடாது, ஊசி குத்தினாலும் ரத்தம் ரத்தம்தான் என்று அனுப்பிவிட்டார்கள். மாசியில் அவர் ஊசி போட வந்தபோது மட்டும் என்ன காப்பா கட்டியிருந்தது? பால் வற்றிப்போகும் என்று ஆளாளுக்கு மாட்டைத் தோட்டத்துக்குள் ஒளித்து வைத்தார்கள். நம் செவலைக்கு மட்டும்தான் அன்றைக்கு ஊசி போட்டது. பாலும் வற்றவில்லை, ஒன்றும் ஆகவில்லை.

ஆனால் கன்று அதற்குப் பிறகு பிறந்தது. அதுதான் என் பயமெல்லாம். டாக்டர் போகும்போது என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "தாய்க்குப் பயமில்லம்மா. கன்னுக்கு வந்துச்சுன்னா வாயில கொப்புளம் வர்றதுக்கு முன்னாடியே நெஞ்சு நின்னு போயிரும், மருந்து குடுக்கக்கூட நேரமிருக்காது. ஒட்ட விடாம பாத்துக்க, அது ஒண்ணுதான் வழி" என்றார்.

நம் திருவிழாவில் கோயில் மாடு வீடு வீடாக வருமே, அது உங்களுக்குத் தெரியாததில்லை. இருந்தாலும் எழுதுகிறேன், ஒரு தரம் அந்த டாக்டரின் கண்ணால் பாருங்கள். மாட்டுக்குத் தாம்பாளத்தில் பச்சரிசியும் வெல்லமும் வைப்போம். அது வாய் வைத்த மிச்சத்தை எடுத்துப்போய் நம் மாடுகளுக்குப் பிரசாதமாக ஊட்டுவோம். அதன் காலில் மஞ்சள் தண்ணீர் ஊற்றி, அந்தத் தண்ணீரைச் சட்டியில் பிடித்துத் தொழுவம் முழுக்கத் தெளிப்போம். எச்சில் ஒழுகுகிற வாய், புண் வைத்த கால். நோயை வெற்றிலை பாக்கு வைத்து வீட்டுக்குள் அழைக்க இதைவிட வேறு வழி உண்டா?

நான் வாசலுக்குக் குறுக்கே உடைமுள்ளை வெட்டிப் போட்டேன். அதற்கு முன்னால் ஒரு முழம் அகலத்துக்குச் சுண்ணாம்புத் தூளைப் பரப்பினேன். இந்த யோசனை யாருடையது என்று நினைக்கிறீர்கள்? போன தீபாவளிக்கு நீங்கள் எழுதிய கடிதத்தில் இருந்தது. அதையும் உங்கள் அண்ணன்தான் வாசித்துக் காட்டினார். ஒரு கோவேறு கழுதைக்கு மூக்கு ஒழுகினாலும் அதைத் தனி லாயத்தில் கட்டி, குறுக்கே கயிறு போட்டு, சுண்ணாம்பு தூவிவிடுவார்கள், பெரிய ஆபீசரே வந்தாலும் கயிற்றைத் தாண்டக் கூடாது என்று பெருமையாக எழுதியிருந்தீர்கள். அங்கே கயிற்றுக்கு சல்யூட் அடிக்கிறீர்கள். இங்கே உங்கள் பெண்டாட்டி போட்ட முள்ளுக்கு மட்டும் ஏன் மச்சான் கோபம்?

மாடு கொட்டோடு வந்தது. நான் முள்ளுக்கு உள்பக்கம் நின்று கும்பிட்டேன். கும்பிடாமல் இல்லை, அப்படி யாராவது எழுதியிருந்தால் பொய். உங்கள் அண்ணன் முள்ளை இழுத்துப் போடச் சொன்னார். நான் முள்ளின் அடித்தூரைப் பிடித்துக்கொண்டு, "சாமி மாட்ட இங்கன இருந்தே கும்பிட்டுக்கிறேன். உள்ள விட மாட்டேன். ஒரு சொட்டு எச்சி இந்தப் பக்கம் விழுகக் கூடாது" என்றேன். அவர் அந்தப் பக்கமும் நான் இந்தப் பக்கமுமாக இழுத்தோம். உள்ளங்கை கிழிந்தது, நான் விடவில்லை. காப்புக் கட்டின ஊரில் ரத்தம் சிந்தினேன் என்பதும் என் பேரில் ஒரு குற்றம்.

சாமியை வாசலில் நிறுத்தி அவமானப்படுத்துகிறாயே என்று கூட்டத்தில் கேட்டார்கள். அப்போதுதான் எனக்கு நிஜமாகவே கோபம் வந்தது. அந்த மாடு மூன்று காலில் நின்றுகொண்டிருந்தது மச்சான். கண்ணிலிருந்து நீர் வழிந்தது. கழுத்து நிறைய மாலை. "கால்ல புண்ணோட தெருத்தெருவா நடக்க விட்டு அடிக்கிறீகளே, நீங்களா சாமிய மதிக்கிறீக? மொதல்ல அத நெழல்ல கட்டுங்க" என்றேன். பொம்பளை இத்தனை பேர் முன்னால் இப்படிப் பேசலாமா என்று கேட்டார்களே தவிர, மாட்டின் காலை ஒருவரும் குனிந்து பார்க்கவில்லை.

அன்று சாயங்காலமே ஒதுக்கி வைத்துவிட்டார்கள். நம் வீட்டுக்கு யாரும் வரக் கூடாது, நான் யார் வீட்டுக்கும் போகக் கூடாது, பொதுக் கிணற்றில் வாளி விடக் கூடாது. எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. யாரும் என் தொழுவத்துப் பக்கம் வராதீர்கள் என்று நான் காலில் விழுந்து கேட்டிருந்தாலும் இந்த ஊர் கேட்டிருக்குமா? இப்போது அவர்களே காவல் காக்கிறார்கள். தண்ணீருக்குத்தான் வாய்க்கால் வரை நடக்க வேண்டியிருக்கிறது. திரும்பி வந்ததும் கை காலைச் சோடா உப்புத் தண்ணீரில் கழுவி, சேலையை மாற்றிக்கொண்டுதான் கன்றைத் தொடுகிறேன்.

திருவிழா முடிந்து அடுத்த வாரமே ஊர் முழுக்க மாடுகள் வாய் ஒழுக நின்றன. உழவு மாடுகள் படுத்துவிட்டன. கன்றுகள் போயின. சின்னத்தாய் அக்காவின் கன்று பால் குடித்துக்கொண்டிருந்தபடியே சுருண்டு விழுந்துவிட்டதாம். தெரு முழுக்கத் தாய்ப் பசுக்கள் கத்துகிற சத்தம் கேட்டால் சோறு இறங்காது. நான் சொன்னது நடந்துவிட்டது, இனி என்னை விட்டுவிடுவார்கள் என்று நினைத்தேன். என்னைப் போல ஒரு பைத்தியக்காரி உண்டா? கோயில் மாட்டைத் திருப்பி அனுப்பியதால் வந்த தெய்வக் குற்றம் என்கிறார்கள். ஊரெல்லாம் சாகும்போது இவள் கன்று மட்டும் துள்ளுகிறதே, அதிலேயே தெரியவில்லையா என்கிறார்கள். கன்று செத்திருந்தால் தண்டனை என்பார்கள், பிழைத்ததால் சூனியக்காரி என்கிறார்கள். இதற்குத்தான் நான் விழ வேண்டுமாம்.

சின்னத்தாய் அக்கா கொல்லைப்பக்கம் வந்து சுவருக்கு அந்தப் பக்கம் நின்று அழுதாள். மிச்சம் இருக்கிற பசுவையாவது காப்பாற்று என்றாள். உங்கள் அண்ணன் பெண்டாட்டி என்று நான் முகத்தைத் திருப்பவில்லை. படிகாரத் தண்ணீரில் வாயைக் கழுவு, வேப்பிலை போட்டுக் காய்ச்சிய தண்ணீரில் குளம்பைக் கழுவி வேப்பெண்ணெயில் கற்பூரம் கரைத்துப் போடு, ஈ மொய்த்துப் புழு வைக்க விடாதே, வைக்கோல் வேண்டாம், கேப்பைக் கூழாக ஊட்டு, காய்ந்த தரையில் கட்டு என்று டாக்டர் சொன்னதையெல்லாம் சொன்னேன். அவள் பசு எழுந்துவிட்டது. அடுத்து கோயில் மாட்டைப் பார்த்துக்கொள்கிற சங்கிலி வந்தார். முள்ளுக்கு வெளியே துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு நின்று, "தாயி, மாடு படுத்திருச்சு. ஒருத்தனும் எட்டிப் பாக்க மாட்டேங்கிறான். என்ன செய்யட்டும்?" என்று கேட்டார். அவருக்கும் அதையே சொன்னேன். சொன்னபடி செய்தார். மாடு இப்போது நின்று கூழ் குடிக்கிறது. குளம்பும் ஆறி வருகிறது.

ஆக, நான் எந்த மாட்டை அவமதித்தேன் என்கிறார்களோ, அதற்கு மருந்தும் என் வாயிலிருந்துதான் போனது. இது உங்கள் அண்ணனுக்கும் தெரியும். தெரிந்துதான் வருகிற அமாவாசைக்குள் விழ வேண்டும் என்று கெடு வைத்திருக்கிறார். விழாவிட்டால் ஆடியில் லீவுக்கு வரும் உங்களையும் சேர்த்து ஒதுக்குவார்களாம். அந்த மாடு முழுசாகக் குணமானால் நானே தேங்காய் உடைப்பேன், அது என் வேண்டுதல். செய்யாத தப்புக்கு ஒரு தேங்காயும் உடைக்க மாட்டேன். நான் இன்று விழுந்தால் அடுத்த வருஷமும் நோய் கண்ட மாட்டை வீடு வீடாக இழுத்து வருவார்கள். முள் போட ஒருத்தியும் துணிய மாட்டாள்.

அமாவாசை அன்றைக்கும் நான் இந்த வாசலில்தான் நிற்பேன். நீங்கள் லீவுக்கு வரும்போது பஸ்ஸை விட்டு இறங்கி எந்த வீட்டுக்குப் போவது என்பதை நீங்கள்தான் தீர்மானிக்க வேண்டும். இங்கே வருவதாக இருந்தால், சுண்ணாம்பில் காலை வைத்துவிட்டு உள்ளே வாருங்கள். உங்களுக்காக முள்ளை நானே விலக்குவேன். கன்றுக்கு இன்னும் பெயர் வைக்கவில்லை. நீங்கள் வந்து வைக்கட்டும் என்று இருக்கிறேன்.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். கல்யாணமான நாளிலிருந்து உங்கள் பெயரை நான் வாயால் சொன்னதில்லை. ஆனாலும் ஒவ்வொரு கடிதத்துக்கும் உறையின் மேல் என் கையால் அதை அழகாக எழுதித்தான் அனுப்புகிறேன். நீங்கள் ஒரு தடவைகூட என் பெயருக்குக் கடிதம் போட்டதில்லை. விழு என்று சொல்வதாக இருந்தாலும் சரி, நிற்கச் சொல்வதாக இருந்தாலும் சரி, இந்த முறை அதை என் பெயருக்கு எழுதுங்கள். உங்களுக்கு எழுத்து மறந்திருந்தால் கீழே பார்த்து எழுதிக்கொள்ளுங்கள்.

நீங்கள் நன்றாக இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
ஜெயக்கொடி