ஜெப எண்ணெய்க் குப்பி

அன்பு மகனுக்கு,

நான் ஜெபத்தை மறுத்ததாகத் தேனி சபையில் பேசுகிறார்களாம். பொய். கையைக் கழுவத்தான் சொன்னேன்.

உன் ஆஸ்பத்திரியில் எனக்குப் பக்கத்துக் கட்டிலில் இருந்த நதியாவின் புண்ணில் எந்த மருந்துக்கும் சாகாத கிருமி இருப்பதாக நீதான் சொன்னாய். உன் அத்தை இவாஞ்சலின் சீழ் ஊறிய அந்தக் கட்டின் மேல் ஜெப எண்ணெய் தடவினாள். அதே விரலைக் குப்பியில் முக்கி, கட்டு மாற்றத் திறந்திருந்த என் முழங்கால் ஆபரேஷன் தையலிலும் வைத்தாள். நான் கையைக் கழுவச் சொன்னதற்கு, "ஜெபிச்ச எண்ணெயில என்ன கிருமி மதினி இருக்கப்போகுது?" என்று சிரித்தாள். டாக்டராகிய நீ கண்ணை மூடிக்கொண்டு ஆமென் சொன்னாய்.

வீட்டுக்கு வந்தும் தையல் கசிந்து கட்டு நனைந்துகொண்டே இருக்கிறது. அதற்காக நீ ஓடி வர வேண்டாம். அந்தக் குப்பியையும், கழுவாத எந்தக் கையையும் இனி வார்டுக்குள் விடமாட்டேன் என்று எனக்கு எழுதி அனுப்பு.

உன் அம்மா